உதட்டுப் பிளவும் பரம்பரையும்: வாசகர் கேள்விகளுக்கு வைத்தியரின் பதில்கள்

கேள்வி: எனது இரண்டாவது மகன், மேலுதட்டின் இடப்பக்கமும் அண்ணமும் பிளந்த நிலையில் பிறந்தான். முதற்பிள்ளைக்கு எந்தக் குறையும் இல்லை. பெரியாஸ்பத்திரி கிளினிக்கில், இந்தக் குறைபாட்டின் பரம்பரைக் காரணங்களை ஆராய்கிறோம் என்று சொன்ன ஒரு குழுவினர், பிள்ளை, நான், என் கணவர் ஆகிய மூவரின் உமிழ்நீரையும் கேட்டார்கள். கணவர் வேண்டாம் என்கிறார். மாமியாரோ, "கொடுத்துவிட்டு வா, எந்த வீட்டு இரத்தத்தில் வந்த கோளாறு என்று அதில் தெரிந்துவிடும்" என்கிறார். கொடுக்கலாமா? அப்படித் தெரியுமா?
ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: உங்கள் மாமியார் எதிர்பார்க்கும் விடை அந்த உமிழ்நீரில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் மலைநாட்டில் நான் பார்த்த பல குடும்பங்களில், பிளவு என்ற சொல் பிள்ளையின் உதட்டோடு நிற்பதில்லை, கணவன் வீட்டுக்கும் மனைவி வீட்டுக்கும் இடையிலும் விழுந்துவிடுகிறது.

மூவரிடமும் ஏன் கேட்கிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் மற்றது விளங்கும். ஒவ்வொரு மரபணுவிலும் தாயிடம் இரண்டு பிரதிகளும் தந்தையிடம் இரண்டு பிரதிகளும் உண்டு. பிள்ளைக்கு ஒவ்வொருவரிடமிருந்தும் ஒன்று மட்டுமே வருகிறது; மற்றது வராமற் போகிறது. ஆய்வாளர்கள் ஒப்பிடுவது, வந்த பிரதியையும் வராமற் போன பிரதியையும்தான். ஒரு குறிப்பிட்ட வேறுபாடு, தற்செயலாக நடந்தால் பாதிப்பேருக்குப் போய்ப் பாதிப்பேருக்குப் போகாமல் இருந்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான குடும்பங்களை ஒன்றுசேர்த்துப் பார்க்கும்போது, பிளவுடன் பிறந்த பிள்ளைகளுக்கே அது கூடுதலாகப் போயிருந்தால், டி.என்.ஏ.யின் அந்த இடத்துக்கு அருகில் முகம் உருவாவதோடு தொடர்புடைய ஏதோ ஒன்று இருக்கிறது என்று கொள்கிறார்கள். ஆகவே தனி ஒரு குடும்பத்தின் மாதிரி, இந்தக் கணக்கில் தனியாக எதையும் பேசாது. மேலும், அந்த வேறுபாடுகளிற் பெரும்பாலானவை நலமாகப் பிறந்த ஆயிரக்கணக்கானவர்களிடமும் இருப்பவை. உங்கள் மூத்த பிள்ளையிடமும் சில இருக்கக்கூடும்.

உலகளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒரு பிள்ளை உதட்டிலோ அண்ணத்திலோ பிளவுடன் பிறக்கிறது. உதட்டுப் பிளவுடன் பிறப்பவர்களில் பத்தில் ஏழு பேருக்கு உடலில் வேறு எந்தக் குறையும் இருப்பதில்லை. உங்கள் கடிதத்திலிருந்து, உங்கள் மகனும் அந்த வகை என்றே தோன்றுகிறது. ஆண் பிள்ளை, இடப்பக்கம் என்பவையும் இவ்வகையில் அதிகமாகக் காணப்படுபவை. இந்த வகையில் ஒரே ஒரு மரபணு குற்றவாளியாக நிற்பதில்லை. பல மரபணுக்களின் சிறுசிறு பங்குகளும், கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களின் சூழலும், கொஞ்சம் தற்செயலும் சேர்ந்து ஓர் எல்லையைக் கடக்கும்போது உதடு மூடாமற் போகிறது. கொழுந்துக் கூடையை நிறுக்கும்போது, முள்ளை அந்தக் கோட்டைத் தாண்ட வைத்த இலை இதுதான் என்று எவராவது எடுத்துக் காட்ட முடியுமா? கூடையில் உங்கள் பக்கத்து இலைகளும் உண்டு, உங்கள் கணவரின் பக்கத்து இலைகளும் உண்டு.

தற்செயல் என்று நான் சொன்னது சமாளிப்புக்காக அன்று. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களின் மரபணுக்கள் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் டென்மார்க்கின் பதிவேடுகளில், அத்தகைய இரட்டையரில் ஒருவருக்கு உதட்டுப் பிளவு இருந்தால் மற்றவருக்கும் இருப்பது ஏறத்தாழ பாதிச் சந்தர்ப்பங்களில் மட்டுமே. இரு வேறு கருக்களிலிருந்து வந்த இரட்டையரில் அது பத்தில் ஒன்றிலும் குறைவு. பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதையும், அது மட்டுமே முழுக் காரணம் அல்ல என்பதையும் இந்த இரண்டு எண்களும் ஒருங்கே காட்டுகின்றன.

இனி, கொடுக்கலாமா என்பது. நான் கொடுக்கச் சொல்வேன். ஆனால் சில விடயங்களை முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ மட்டும் உள்ள தாளில், "சும்மா ஒரு கையெழுத்துத்தான்" என்று யார் சொன்னாலும் பேனாவை எடுக்காதீர்கள். தமிழ்ப் படிவத்தைக் கேட்பது உங்கள் உரிமை, அதை வைத்திருப்பது அவர்கள் கடமை. எந்தப் பல்கலைக்கழகத்தின் அல்லது வைத்தியசாலையின் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது என்பதும், பொறுப்பான வைத்தியரின் பெயரும், தொடர்பு இலக்கமும் படிவத்தில் இருக்க வேண்டும். மாதிரியை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா, பிற்காலத்தில் வேறு நோய்களுக்கும் பயன்படுத்துவார்களா, உங்கள் பெயரை நீக்கி வெறும் இலக்கத்தோடு வைப்பார்களா என்பவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கொடுத்த பின் மனம் மாறினால் விலகலாம்; விலகினாலும், முதலிலேயே மறுத்தாலும், மகனின் சத்திர சிகிச்சைக்கோ கிளினிக் திகதிக்கோ எந்தப் பாதிப்பும் வரக்கூடாது.

கணவர் மறுப்பதற்கான காரணத்தை நீங்கள் எழுதவில்லை. பல தகப்பன்மாருக்கு வெளியே சொல்லாத ஒரு தயக்கம் உண்டு: மூவரின் மாதிரியையும் ஒப்பிட்டால் பெற்றோர் உறவு பொருந்துகிறதா என்பதும் தெரிந்துவிடும். அது உண்மைதான். ஒழுங்கான ஆய்வுகளில், அப்படி ஏதாவது தெரியவந்தாலும் குடும்பத்தில் எவருக்கும் சொல்வதில்லை என்று முன்கூட்டியே எழுதி வைப்பார்கள். எழுதப்படவில்லை என்றால் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அவர் மனம் ஒப்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். தாயும் பிள்ளையும் மட்டும் கொடுத்தாலும் பயன்படுத்தும் முறைகள் உள்ளன.

கொடுப்பதில் வேதனை எதுவும் இல்லை. பெரியவர்கள் சிறு குழாயொன்றில், நுரையைக் கணக்கில் எடுக்காமல், ஏறத்தாழ 2 மில்லிலீற்றர் துப்ப வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரம் தேநீரோ உணவோ கூடாது. வெற்றிலை போடுபவரானால் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கைக்குழந்தைக்குக் கன்னத்தின் உட்பக்கத்தில் சிறு பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுப்பார்கள். பால் கொடுத்த உடனே எடுத்தால் தாயின் உயிரணுக்களும் கலந்துவிடும் என்பதால் சற்றுப் பொறுக்கச் சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இப்படிப்பட்ட ஆய்வுகளிலிருந்து உங்கள் வீட்டுக்கென்று ஓர் அறிக்கை பெரும்பாலும் வராது. உங்கள் மகனின் உதட்டைத் தைப்பதற்கு அது தேவையும் இல்லை.

கேள்வி: மேலுள்ள விடயத்தோடு தொடர்புடையதா என்று தெரியவில்லை. எனது கீழுதட்டில் பிறப்பிலிருந்தே, நடுக்கோட்டுக்கு இருபுறமும் குண்டூசித் தலை அளவில் இரண்டு குழிகள் உள்ளன. சில வேளை அவற்றில் ஈரம் கசியும். என் தகப்பனார் மூக்கால் பேசுவார். இப்போது என் மகளுக்கு அண்ணம் பிளந்திருக்கிறது. யாரும் என் உதட்டைப் பார்த்ததில்லை.
ஒரு தகப்பன், தலவாக்கலை

பதில்: மிகவும் தொடர்புடையது. இம்முறை வந்த கடிதங்களில் எனக்கு முக்கியமானதாகப் பட்டது உங்களுடையதுதான்.

கீழுதட்டில் இரட்டைக் குழிகளும் குடும்பத்தில் பிளவும் சேர்ந்து வருவது வான் டெர் வூட் கூட்டறிகுறி எனப்படும் நிலையை நினைக்க வைக்கிறது. முன்னைய பதிலில் நான் சொன்ன பல மரபணுக் கணக்கு இங்கே பொருந்தாது. இது பெரும்பாலும் ஒரு மரபணுவில் ஏற்படும் தனி ஒரு மாற்றத்தாலேயே வருவது. அது உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, அம்மாற்றம் போவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 50. போனாலும் எல்லோருக்கும் ஒரே அளவில் வெளிப்படுவதில்லை. உங்களைப் போல் ஒருவருக்கு வெறும் குழிகள், இன்னொருவருக்கு உதட்டுப் பிளவு, வேறொருவருக்கு அண்ணப் பிளவு என்று ஒரே வீட்டுக்குள் வேறுபடும். உங்கள் தகப்பனாரின் மூக்குப் பேச்சு, வெளியே தெரியாமல் தோலுக்கடியில் தசை மட்டும் பிளந்த அண்ணத்தின் விளைவாக இருந்திருக்கலாம். வாயைத் திறந்து பார்த்தவர்களுக்கும் அது தெரியாமற் போயிருக்கலாம்.

பெரும்பாலான குடும்பங்களில் இதற்குப் பொறுப்பான மரபணு 2002 ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. அதன் பெயர் ஐ.ஆர்.எஃப்.6, இருப்பது முதலாம் நிறமூர்த்தத்தில் (நிறமூர்த்தம் என்பது மரபணுக்களைத் தாங்கும் இழை). அதைக் கண்டுபிடித்த விதம் துப்பறியும் கதைக்கு நிகரானது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் இருவரில் ஒருவருக்கு மட்டும் இந்த நிலை இருந்தது. இருவரின் மரபணுக்களும் ஒன்றாயிருக்க வேண்டிய இடத்தில், பாதிக்கப்பட்டவரிடம் மட்டும் இந்த மரபணுவில் ஒரு புதிய மாற்றம், புரத உருவாக்கத்தைப் பாதியில் நிறுத்திவிடும் ஒரு மாற்றம், இருப்பதைக் கண்டார்கள். மற்றைய குடும்பங்களிலும் தேடியபோது இதே மரபணுவில் வெவ்வேறு மாற்றங்கள் அகப்பட்டன. அரிய குடும்பங்களில் கிடைத்த இந்தச் சாவி பொதுவான பிளவுகளின் பூட்டையும் ஓரளவு திறந்தது. அதே மரபணுவை எப்போது, எவ்வளவு இயக்குவது என்று கட்டுப்படுத்தும் பகுதியில் உள்ள ஒரு சாதாரண வேறுபாடு, வேறு குறைகள் இல்லாத உதட்டுப் பிளவின் அபாயத்தைக் கூட்டுகிறது என்பது 2008 இல் வெளியாயிற்று.

நீங்கள் ஆய்வுக்குழு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்களுடையது வைத்திய ஆலோசனைக்குரிய விடயம். மகளைப் பார்க்கும் வைத்தியரிடம் உங்கள் கீழுதட்டைக் காட்டி, மரபியல் ஆலோசனைக்கு அனுப்பும்படி கடிதம் கேளுங்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு 1983 முதல் இயங்கி வருகிறது. போகும்போது, உங்கள் உடன்பிறந்தோர், அவர்களின் பிள்ளைகள், தகப்பனாரின் உடன்பிறந்தோர் ஆகியோரில் யாருக்கு உதட்டில் குழி, யாருக்கு மூக்குப் பேச்சு என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இறந்தவர்களின் கலியாணப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்ததில் விடை கிடைத்த குடும்பங்களும் உண்டு.

கேள்வி: கிரகணத்தன்று கர்ப்பிணிப் பெண் கத்தி, அரிவாள் எடுத்தால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்கிறார்கள். இதில் கொஞ்சமாவது உண்மை உண்டா?
வாசகி, மஸ்கெலியா

பதில்: இல்லை. முளையத்தின் மேலுதடு கருத்தரித்து ஆறாம், ஏழாம் வாரங்களிலேயே பொருந்தி மூடிவிடுகிறது. அண்ணம் ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரத்துக்குள் மூடிவிடும். வயிறு தெரியத் தொடங்கிய பெண்ணைக் கிரகணத்தன்று அறைக்குள் பூட்டி வைக்கும்போது, உதட்டின் கதை முடிந்து பல வாரங்களாகியிருக்கும். 2019 டிசம்பர் 26 அன்று இலங்கை முழுவதும் சூரிய கிரகணம் தெரிந்தது; கிரகணமே தெரியாத ஆண்டுகளிலும் பிளவுடன் பிள்ளைகள் பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கிரகணத்தன்று ஓய்வெடுப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. அன்று வெங்காயம் அரிந்தாள் என்று ஒரு தாயை ஆயுளுக்கும் குத்திக்காட்டுவதில்தான் ஆட்சேபம்.

கேள்வி: நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். வெளிநாடுகளில் இவ்வளவு கண்டுபிடித்த பிறகு, எமது மக்களிடம் மீண்டும் ஏன் மாதிரி எடுக்க வேண்டும்? நாம் வெறும் பரிசோதனைப் பொருளா?
ஆசிரியர், ஹாலி-எல

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் ஆய்வில் சேர்க்கப்படாமல் விடப்படுவதும் ஒருவகை அநீதிதான் என்பது என் கருத்து.

2009 இல் ஜேர்மனிய ஆய்வாளர்கள், மரபணுத்தொகுதி, அதாவது ஒருவரின் டி.என்.ஏ., முழுவதையும் ஒரே வீச்சில் அலசும் முறையில், எட்டாம் நிறமூர்த்தத்தின் நீண்ட கையில் ஒரு பகுதி உதட்டுப் பிளவோடு வலுவாகத் தொடர்புபட்டிருப்பதைக் காட்டினார்கள். வியப்பு என்னவென்றால், அந்த இடத்தில் மரபணு என்று சொல்ல ஏதும் இல்லை, வெறும் பாலைவனம். பின்னர் எலிகளில் அப்பகுதியை நீக்கிப் பார்த்தபோது, மிகத் தொலைவிலுள்ள இன்னொரு மரபணுவை முகம் உருவாகும் வேளையில் இயக்கும் ஆளிகள் அங்கிருப்பது தெரிந்தது. உங்கள் மாணவர்களுக்குச் சொல்லத் தக்க செய்தி இது: குறை எப்போதும் மரபணுவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அதை இயக்கும் ஆளியிலும் இருக்கலாம். ஆயினும் இந்தத் தொடர்பு ஐரோப்பிய வம்சாவளியினரில் தெளிவாகத் தெரிந்த அளவுக்கு ஆசியர்களிடம் தெரியவில்லை. ஆசியரில் பிளவு ஐரோப்பியரை விடச் சற்றுக் கூடுதலாகவும், ஆபிரிக்கரில் மிகக் குறைவாகவும் காணப்படுகிறது. ஓரிடத்தில் வரைந்த வரைபடத்தை வைத்து வேறிடத்தில் வழி தேட முடியாது என்பதால்தான் ஒவ்வொரு மக்கள் கூட்டத்திலும் பார்க்க வேண்டியிருக்கிறது.

உலகின் மரபணு வேறுபாடுகளைத் தொகுத்த ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் இலங்கைத் தமிழர் என்று ஒரு பிரிவு உண்டு. அம்மாதிரிகள் எடுக்கப்பட்டது ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழரிடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்து, தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணம் முடித்து வந்த தோட்ட மக்களின் வேறுபாடுகளை அந்தத் தொகுப்பு எவ்வளவு தூரம் காட்டும் என்பது யோசிக்க வேண்டியது. நாளை ஒரு மலையகப் பிள்ளையின் பரிசோதனையில் அறியப்படாத ஒரு மாற்றம் கிடைத்தால், அது நோய் தருவதா, அல்லது நம்மிடையே சாதாரணமாக உள்ளதா என்று பிரித்தறிய, நலமாக உள்ள நம்மவர்களின் தரவு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பெற்றோரின் கையில் "பொருள் தெரியாத மாற்றம்" என்று எழுதிய தாள்தான் கிடைக்கும்.

பரிசோதனைப் பொருளா என்ற கேள்விக்கு விடை, எடுப்பவர்கள் திரும்பி வந்து முடிவைத் தமிழில் சொல்கிறார்களா என்பதில் இருக்கிறது. அதை முதல் நாளே கேட்கலாம். பாடசாலை மண்டபத்தில் ஒரு கூட்டம் நடத்தித் தருவதாக நீங்களே முன்வந்தும் கேட்கலாம்.

கேள்வி: நான் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை செய்பவன். என் மனைவிக்கு வலிப்பு நோய்க்கு மாத்திரை உண்டு. இருவரும் அத்தை மகன், மாமன் மகள். முதற்பிள்ளைக்கு உதட்டில் பிளவு. இவற்றில் எது காரணம்? அடுத்த பிள்ளை பெறலாமா?
வாசகர், லிந்துலை

பதில்: மூன்றில் நான் முதலிற் கவனிப்பது மாத்திரையைத்தான். வலிப்புக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள், குறிப்பாக வல்புரோயேற்று, தொபிரமேற்று, பீனைற்றோயின் ஆகியவை, உதட்டு அண்ணப் பிளவின் அபாயத்தைக் கூட்டுவது நன்கு நிறுவப்பட்டது. வல்புரோயேற்று முள்ளந்தண்டுக் குறைபாட்டையும் பிள்ளையின் அறிவு வளர்ச்சிக் குறைவையும் கூட உண்டாக்கலாம். இதை வாசித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கர்ப்ப காலத்தில் வரும் பெரிய வலிப்பு தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. கருத்தரிப்பதற்குப் பல மாதங்கள் முன்னரே நரம்பியல் கிளினிக்கில், அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடுகிறோம் என்று சொல்லுங்கள். மருந்தை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா, போலிக் அமிலம் என்ற விற்றமினை எந்த அளவில் தொடங்குவது என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள். போலிக் அமிலம் முள்ளந்தண்டுக் குறைபாட்டைப் பெருமளவு தடுக்கும் என்பது 1991 இல் வெளியான ஆய்வில் ஐயமற நிறுவப்பட்டது. உதட்டுப் பிளவைத் தடுப்பதில் ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை. ஆனாலும் எடுக்கத்தான் வேண்டும், அதுவும் கருத்தரிக்கு முன்பிருந்தே. பிரதேசத்தின் குடும்பநல மாதுவிடம் கேட்டால் கிடைக்கும்.

உறவுமுறை மணத்தைப் பற்றி. சாதாரணத் தம்பதிகளுக்குப் பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு 2 அல்லது 3 பேருக்கு ஏதாவது ஒரு பாரதூரமான பிறவிக் குறைபாடு காணப்படுகிறது. அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தால் இது ஏறத்தாழ இரு மடங்காகிறது. அதாவது அவர்களின் பிள்ளைகளிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் குறையின்றியே பிறக்கிறார்கள். இரு பக்கத்திலிருந்தும் ஒரே பழுதடைந்த பிரதி வந்து சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும் நோய்களில்தான் உறவு மணத்தின் பங்கு பெரியது. வேறு குறையில்லாத உதட்டுப் பிளவு அந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஆகவே மணமுடித்ததை எண்ணி இனி வருந்துவதில் பயனில்லை.

மருந்தடிப்பதை நான் குற்றமற்றது என்று சொல்லமாட்டேன். உங்கள் பிள்ளையின் பிளவுக்கு அதுதான் காரணம் என்று சொல்வதற்கான வலுவான சான்றும் இல்லை. கையுறையும் முகக்கவசமும் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்து லயத்துக்கு வந்ததும் அந்த உடுப்பை மனைவியைத் துவைக்க விடாமல் நீங்களே தனியாகத் துவையுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் இருவருக்காகவும் விடுங்கள். தாய் புகைப்பது அபாயத்தைக் கூட்டும் என்பது தெளிவு.

பெற்றோருக்குப் பிளவில்லாமல் ஒரு பிள்ளைக்கு மட்டும் உதட்டுப் பிளவு இருந்தால், அடுத்த பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு 3 முதல் 5 வரை. உங்கள் வீட்டில் மாத்திரையின் பங்கும் உள்ளதால் இந்த எண்ணை வைத்தியரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 20 வாரமளவில் எடுக்கும் ஸ்கேனில் உதட்டுப் பிளவைப் பெரும்பாலும் காண முடியும். அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் தவறிவிடலாம். முன்கூட்டித் தெரிவதன் பயன், பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது, பாலூட்டுவதை யாரிடம் கற்றுக்கொள்வது என்று ஆயத்தமாவதில்தான் உள்ளது. தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை இலங்கைச் சட்டம் அனுமதிப்பதில்லை. பொதுவாக முதல் வயதின் ஆரம்ப மாதங்களிலேயே தைத்துச் சீராக்கக்கூடிய குறைக்கு அந்தப் பேச்சு எழவும் தேவையில்லை.

கேள்வி: பேத்திக்கு உதட்டுச் சத்திர சிகிச்சை செய்யும்போது, வெட்டி அகற்றும் சிறு துண்டைக் குப்பையிற் போடாமல் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். உடலில் கூடுதலாக வெட்டிவிடுவார்களோ என்று பயமாயிருக்கிறது.
ஒரு பாட்டி, பண்டாரவளை

பதில்: பயப்பட வேண்டாம். பிளவின் இரு ஓரங்களையும் பொருத்தித் தைப்பதற்கு, ஓரத்திலுள்ள மெல்லிய தோற்பகுதியை எப்படியும் சீவி எடுத்தாக வேண்டும். அவர்கள் கேட்பது அதைத்தான். இரத்தத்திலும் உமிழ்நீரிலும் தெரியாத சில விடயங்கள் அதில் தெரியக்கூடும்: அந்த இடத்து உயிரணுக்களில் எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன, எவை உறங்குகின்றன என்பதும், உடலின் ஏனைய பகுதிகளில் இல்லாத மாற்றம் உதட்டில் மட்டும் உள்ளதா என்பதும். சத்திர சிகிச்சைக்கான ஒப்புதலும் துண்டைக் கொடுப்பதற்கான ஒப்புதலும் இரு வேறு தாள்களில், இரு வேறு கையெழுத்துகளாக இருக்க வேண்டும். ஒரே தாளில் இரண்டும் இருந்தால், பிள்ளையின் தாயையோ தகப்பனையோ கொண்டு வைத்தியரிடம் பிரித்துக் கேளுங்கள். கையெழுத்திட வேண்டியவர்களும் அவர்கள்தான்.